ஆறாம் அத்தியாயம்: வீட்டில் இனி மூவர்

வீடு பார்ப்பதையும் சேமிப்பைப் பிரித்துப் போடுவதையும் முந்தைய அத்தியாயங்களில் பேசி முடித்துவிட்டோம். இனி இருப்பது அன்றாடம். சிற்றூருக்குக் குடிவந்த முதல் சில மாதங்கள் பெட்டி பிரிப்பதிலும் சொந்தபந்தம் வந்து பார்த்துப் போவதிலும் ஓடிவிடும். அதன் பிறகு ஒரு நாள் காலை பத்து மணிக்கு வீட்டில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். பலகாரம் முடிந்திருக்கும், பேப்பர் படித்தாகியிருக்கும். அடுத்து என்ன என்பது இருவருக்கும் தெரியாது. அந்தப் பத்து மணியை மனத்தில் வைத்துத்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

நான் சொல்பவை அம்பாசமுத்திரத்தை வைத்து. திருநெல்வேலி – செங்கோட்டை ரயில் பாதையில் உள்ள ஊர். மேற்கே பொதிகை மலை, பக்கத்தில் தாமிரபரணி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சி. ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பின் என் கணவரோடும் செவலை என்ற நாட்டு நாயோடும் இங்கேதான் இருக்கிறேன். உங்கள் ஊர் மன்னார்குடியாகவோ கோபிசெட்டிபாளையமாகவோ இருக்கலாம். ஆறும் மலையும் மாறும். நகராட்சி, அரசு மருத்துவமனை, தபால் ஆபீஸ், கால்நடை மருந்தகம் இவை மாறாது.

இந்த அத்தியாயத்தில் உள்ள எல்லா யோசனைகளுக்கும் அடியில் இருப்பது ஒரே விதி. கணவன், மனைவி இருவரில் எவரும் மற்றவர் இல்லாமல் ஒரு வாரம் இந்த வீட்டை நடத்தத் தெரிந்திருக்க வேண்டும். நாயையும் சேர்த்து. மகளின் பிரசவத்துக்கு ஒருவர் போவார். ஒருவருக்குக் கண் அறுவை சிகிச்சை வரும். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். அவர்கள் லீவு சொல்லி வண்டி பிடித்து வந்து சேருவதற்குள் ஒரு ராத்திரியும் ஒரு பகலும் போய்விடும். அந்த இடைவெளியைத் தாண்டத் தெரியாத வீடு எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாலும் பயமுள்ள வீடுதான்.

காலையும் மாலையும்

வேலைக்குப் போன காலத்தில் நாளுக்குச் சட்டம் போட்டது அலுவலகம். இப்போது அந்தச் சட்டத்தை நாய் போட்டுத் தரும். அதற்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, பொங்கல் லீவு கிடையாது. ஐந்தரைக்கு வாசலுக்கும் உங்களுக்கும் நடுவில் வந்து நிற்கும். ஓய்வுபெற்றவருக்கு நாய் நல்லது என்று நான் உறுதியாக நம்புவதற்கு முதல் காரணம் இதுதான். நடைப்பயிற்சி போக வேண்டும் என்று டாக்டர் சொல்லி நடப்பவர் ஒரு மாதம் நடப்பார். நாய்க்காக நடப்பவர் மழைக்காலத்திலும் நடப்பார்.

நேரத்தைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் காலை ஆறரைக்குள் நடை முடிந்துவிட வேண்டும். மாலையில் வெயில் இறங்கித் தரை ஆறிய பின்தான் கிளம்ப வேண்டும். புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஏழு எண்ணிப் பாருங்கள். கை தாங்காவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் சாரலும் காற்றும் இருக்கும். அப்போது நேரத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாய்க்கால் கரையை விட்டுத் தெருவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வயல் அறுப்பு நடக்கும் நாட்களிலும் அப்படியே. அறுப்பு நேரத்தில் எலிகள் இடம் மாறும், எலிகளின் பின்னால் பாம்புகள் வரும். கார் அறுப்பும் பிசான அறுப்பும் எப்போது என்று பக்கத்து விவசாயியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளவே கூடாது. பூனையைப் பார்த்து நாய் பாய்ந்தால் அது உங்களையும் சேர்த்து இழுக்கும். அறுபதைத் தாண்டிய எலும்புக்கு ஒரு விழுகை போதும். இடுப்பு முறிந்தால் மாதக்கணக்கில் படுக்கை. கயிற்றின் வளையத்தை உள்ளங்கையில் பிடியுங்கள், தேவைப்பட்டால் விட்டுவிடலாம். கழுத்துப் பட்டையைவிட மார்புப் பட்டை நல்லது. இழுவையின் வேகம் குறையும். ஒரு கைத்தடி கூடவே இருக்கட்டும். தெரு நாய்கள் சூழ்ந்தால் ஓடாதீர்கள், நின்று தடியைத் தரையில் தட்டுங்கள். பிறகு மெதுவாக விலகி வாருங்கள். பழைய செய்தித்தாள் இரண்டு தாளும் வேண்டும். நாய் கழிப்பதை எடுத்து அப்புறப்படுத்துவதை எங்கள் தெருவில் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். இப்போது அதற்காகவே எங்கள் மேல் ஒரு மரியாதை உண்டு.

யார் கூட்டிப் போவது? பெரும்பாலான வீடுகளில் ஒருவரே போவார். நான் சொல்வது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவர் கைக்கு மட்டுமே பழகிய நாய், அவர் ஆஸ்பத்திரியில் படுத்த அன்று வாசலையே பார்த்துக்கொண்டு கிடக்கும், சோறு தின்னாது. இன்னொரு காரணமும் இருக்கிறது. வீட்டில் இருப்பவருக்கு அந்த முக்கால் மணி நேரம் முழுக்கச் சொந்தம். பாட்டுக் கேட்கலாம், தங்கையோடு போன் பேசலாம், சும்மா இருக்கலாம். நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள்கூட நாள் முழுதும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்ததில்லை. இதை இருவருமே வெளியே சொல்ல மாட்டார்கள். மாலை நடைக்கு மட்டும் இருவரும் சேர்ந்தே போங்கள். நடக்கும்போது வரும் பேச்சு வேறு. உட்கார்ந்து எதிரெதிரே பேசினால் சண்டையாகும் விஷயங்கள்கூட ஆற்றுப் பக்கம் போகையில் சுமுகமாக முடிந்துவிடும்.

அடுப்படி

இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கணவர் ஓய்வுபெறுகிறார். மனைவி ஓய்வுபெறுவதில்லை. வேலைக்குப் போய்வந்த பெண்ணாக இருந்தாலும் அவளுக்கு ஓய்வு கிடைத்தது ஒரு வேலையிலிருந்து மட்டும்தான். மற்றது அப்படியே இருக்கிறது, கூடவும் செய்கிறது. மத்தியானம் வீட்டில் சாப்பிட இப்போது ஒரு ஆள் அதிகம். பதினொரு மணிக்கு ஒரு காப்பி, நாலு மணிக்கு ஒரு காப்பி. "நான் என்ன கேட்டுவிட்டேன், ஒரு வாய் காப்பிதானே" என்பார்கள். அந்த ஒரு வாய்க்கு ஒருத்தி எழுந்திருக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே ஆண்கள் ஒரு வேளையை முழுப்பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். "உதவி செய்கிறேன்" என்பது போதாது. ராத்திரிச் சாப்பாடு சுலபம், அதிலிருந்து தொடங்கலாம். அரிசியும் உளுந்தும் எந்த அளவு, எவ்வளவு நேரம் ஊற வேண்டும், உப்பு எப்போது போட வேண்டும், வெயில் காலத்தில் மாவு எத்தனை மணிக்குள் புளித்துவிடும், இத்தனையும் தெரிந்தால்தான் இட்லி தெரியும் என்று அர்த்தம். கடையில் மாவு பாக்கெட் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் ஒரு வாரம் தனியாக இருக்க நேர்ந்தால் ரசமும் ஒரு துவையலும் செய்யத் தெரியாத ஆண் மூன்றாம் நாள் ஓட்டலுக்குப் போவார், ஐந்தாம் நாள் வயிற்று வலி என்று படுப்பார். மனைவிக்குச் சர்க்கரை நோய் இருந்தால் அவருக்கு எது ஆகும், எது ஆகாது என்பதும் கணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும்போது அந்த அறிவு உயிர் காக்கும்.

மறுபக்கமும் இதே அளவு முக்கியம். வங்கிக் கணக்கு எது எது, ஏடிஎம் ரகசிய எண் என்ன, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் கரண்ட் பில்லை எப்படிக் கட்டுவது, அரையாண்டுச் சொத்து வரி எப்போது, தண்ணீர் மோட்டார் காற்று வாங்கினால் என்ன செய்வது என்பதையெல்லாம் மனைவி தன் கையால் செய்து பழக வேண்டும். கேட்டுத் தெரிந்துகொள்வது வேறு, செய்து பழகுவது வேறு. என் கணவர் இருக்கும்போதே கேஸ் பதிவு செய்வதிலிருந்து பாஸ்புக் போடுவது வரை மாதம் மாற்றி மாதம் நான் செய்கிறேன். அவர் அந்த மாதம் ரேஷன் கடைக்கும் மாவு மில்லுக்கும் போவார்.

வருடத்துக்கு ஒரு முறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். ஒருவர் பிள்ளை வீட்டுக்கு ஒரு வாரம் போகட்டும், மற்றவர் இங்கே இருக்கட்டும். அடுத்த முறை மாறிப் போகட்டும். எது தடுமாறியது என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கேஸ் அடுப்பு ரெகுலேட்டர் மாட்டத் தெரியாதது முதல் நாயின் மாத்திரையை வாயில் போடத் தெரியாதது வரை எல்லாம் அந்த வாரத்தில் வெளியே வந்துவிடும்.

நாய் வாங்கும் முன்

வயதுக் கணக்கைப் போடுங்கள். நாய் பன்னிரண்டு, பதினான்கு வருடம் இருக்கும். அறுபதில் குட்டி எடுத்தால் அதன் கிழப் பருவத்தில் உங்களுக்கு எழுபத்து மூன்று. அது நடக்கும். எழுபதில் குட்டி எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். குட்டி முதல் வருடம் ஓடும், கடிக்கும், இரவில் எழுப்பும். அந்த வயதில், பழகிய குணமுள்ள மூன்று நான்கு வயது நாட்டு நாயே சரி. தெருவில் உங்களையே சுற்றிவரும் நாய் ஒன்று எல்லா ஊரிலும் இருக்கும். அதற்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்து உள்ளே எடுத்துக்கொண்டால், நம் வெயிலுக்கும் உணவுக்கும் ஏற்கெனவே பழகிய துணை கிடைக்கும்.

தென் மாவட்டத்தில் இருந்துகொண்டு ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் இன அஞ்சல் தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. கம்பீரமான நாய்தான், எனக்கும் ஆசை உண்டு. ஆனால் இவை வேட்டைக்கும் காவலுக்கும் பிறந்தவை. ஓட இடம் வேண்டும், இழுத்துப் பிடிக்கத் தோள் வேண்டும். தோப்பும் மதிலும் உள்ளவர்கள், அறுபதின் தொடக்கத்தில் இருப்பவர்கள் வளர்க்கலாம். ராஜபாளையம் குட்டி வாங்கினால் அதன் முதுகுப்புறம் நின்று கை தட்டிப் பாருங்கள். முழு வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு வருவதுண்டு. ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு போன்ற குளிர்தேச இனங்களை ஏசி அறையில் அடைத்து வளர்ப்பதை நான் கொடுமை என்றே சொல்வேன். பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கிப் பெற்றோர் தலையில் கட்டும் நாய்கள் பெரும்பாலும் இவைதான். அன்போடு மறுத்துவிடுங்கள்.

தடுப்பூசிக்கு அட்டை போட்டு, உங்கள் பிரஷர் அட்டையோடு சேர்த்து வையுங்கள். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டம்பர் முதலியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசி தொடங்கும். சில வார இடைவெளியில் திரும்பப் போடுவார்கள். வெறிநாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில், பிறகு ஆண்டுதோறும். லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6 அன்று ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இந்த நோய்க்கு ஊசி போட்டார். அந்த நாளை ஒட்டி நம் அரசு கால்நடை மருந்தகங்களில் நாய்களுக்கு இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். அந்தத் தேதியை வீட்டு நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்தால் மறக்காது. எலிக் காய்ச்சலுக்கான ஊசியையும் கேட்டு வாங்குங்கள். மழைக்காலத்தில் எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் இறங்கும் நாய்க்கு அந்த நோய் வரும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரும்.

உண்ணி தென் மாவட்டத்தின் நிரந்தரத் தொல்லை. நடை முடிந்து வந்ததும் காது மடலுக்குள், விரல் இடுக்கில், அக்குளில் கைவிட்டுப் பாருங்கள். உண்ணி பரப்பும் ரத்தக் காய்ச்சலில் நாய் முதலில் சோறு தின்பதை நிறுத்தும், பிறகு ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரும். ஈறு வெளுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. ஒரு நாள் முழுதும் சாப்பிடாத நாயை மறுநாளே மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். எங்கள் பக்கத்தில் பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்கள் ஊருக்கு அருகில் அப்படி எது என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்; எந்த ஆட்டோக்காரர் நாயை ஏற்றிக்கொள்வார் என்பதையும்.

உணவில் இரண்டு பழக்கத்தை மாற்ற வேண்டும். ஒன்று, தயிர்ச் சோறும் மேரி பிஸ்கட்டும் மட்டும் போட்டு வளர்ப்பது. நாய்க்குப் புரதம் வேண்டும். சோற்றோடு வேகவைத்த முட்டையோ, எலும்பெடுத்த கோழியோ, மீனோ இருக்க வேண்டும். சைவ வீட்டுக்காரர்கள் முட்டையாவது போடலாம், அல்லது கடையில் விற்கும் நாய்த்தீனியைக் கலக்கலாம். இன்னொன்று, இலையில் மிஞ்சியதை எல்லாம் வழித்துப் போடுவது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகவே சாம்பாரும் பிரியாணியும் ஆகாது. பாயசத்தில் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேகவைத்த கோழி எலும்பு கூர்கூராக உடைந்து குடலைக் குத்தும். சர்க்கரை இல்லாத மிட்டாய் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும். நமக்காக வாங்கி வைத்தது நாய்க்கு நஞ்சு.

வயதானவர்கள் வீட்டில் இன்னொரு அபாயம் இருக்கிறது. நம் மாத்திரைகள். பிரஷர் மாத்திரை கைதவறி உருண்டால் தேடி எடுக்காமல் எழுந்திருக்காதீர்கள். நாய்க்குக் கால் வலி என்று நம் வலி மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பாராசிட்டமால், புரூஃபென் போன்றவை நாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பாழாக்கும். கால்நடை மருத்துவர் எழுதித் தராத எதையும் கொடுக்காதீர்கள்.

நாயின் படுக்கையைக் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் போடாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அரைத் தூக்கத்தில் எழுந்து போகிறவர், இருட்டில் குறுக்கே கிடக்கும் நாயைத் தடுக்கி விழுவது சாதாரணமாக நடக்கிறது. கறுப்பு நாயாக இருந்தால் வெள்ளைப் பட்டை மாட்டுங்கள். தரையோரமாக ஒரு சின்ன இரவு விளக்கு எரியட்டும். மலையடிவாரத்தில் குடியிருப்பவர்கள் நாயை ராத்திரி வெளியே கட்டிப் போடவே கூடாது. பாபநாசம், மணிமுத்தாறு பக்கத்து ஊர்களில் சிறுத்தை இறங்கி நாயைத் தூக்கிப் போவது நடக்கிறது. கட்டிப் போட்ட நாயால் ஓடவும் முடியாது.

யாரையாவது நாய் கடித்தால், அது உங்கள் நாயோ தெரு நாயோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளோ காப்பித் தூளோ அப்பக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போனால் தடுப்பூசி இலவசம்; முதல் நாள், பிறகு 3, 7, 28 ஆம் நாட்களில் போடுவார்கள். ஒரு ஊசியையும் விடக் கூடாது. வீட்டு நாய்தானே, லேசான கீறல்தானே என்று இருந்துவிடாதீர்கள். வெறிநோய் வெளிப்பட்டுவிட்டால் மருந்து இல்லை.

ஆஸ்பத்திரிப் பை

துணிப்பை ஒன்றை அலமாரிக் கைப்பிடியில் மாட்டி வையுங்கள். ஆதார் நகல், காப்பீட்டு அட்டை, இருவரும் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், பழைய இசிஜி, கைச்செலவுக்குப் பணம், போன் சார்ஜர், ஒரு சேலை, ஒரு வேட்டி, துண்டு. 108க்குப் போன் செய்தால் வண்டி வரும். அந்த நேரத்தில் எதையும் தேடிக்கொண்டிருக்க முடியாது. நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் விழுவது, வாய் கோணுவது இவற்றுக்கு உள்ளூர் கிளினிக்கில் ஊசி போட்டுப் பார்ப்போம் என்று நேரம் கடத்தாதீர்கள். எங்கள் ஊரிலிருந்து திருநெல்வேலிக்குச் சாலை வழி ஒரு மணி நேரம் ஆகும். கிளம்புவதில் ஆகும் தாமதத்தை மட்டும்தான் நம்மால் குறைக்க முடியும்.

பிரஷர், சர்க்கரை மாத்திரைகளுக்கு 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். ஊழியர் வீட்டுக்கே வந்து அளவு பார்ப்பார், மாத்திரை தருவார். நல்ல பென்ஷன் வாங்குகிறவர்கள் இதை இலவசம் என்று ஒதுக்குகிறார்கள். மாதாமாதம் ஒருவர் வந்து உங்கள் முகத்தைப் பார்த்துப் போவது மாத்திரையைவிடப் பெரிது என்பது என் எண்ணம். எழுபது வயது ஆனவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை மருத்துவக் காப்பீடு தரும் ஆயுஷ்மான் திட்டம் 2024 அக்டோபரில் வந்தது. அந்த அட்டையை வயது வந்ததும் எடுத்துவிடுங்கள்.

ஒருவர் ஆஸ்பத்திரியில், மற்றவர் அவர் கட்டில் பக்கத்தில். நாய் எங்கே? இதை யோசிக்காதவர்கள் நோயாளியை விட்டுவிட்டு ராத்திரி பஸ்ஸில் ஊருக்குத் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கத்து வீட்டாரை நாய்க்குப் பழக்கி வையுங்கள். எங்களுக்கு எதிர்வீட்டு மதினி இருக்கிறார். வாரத்தில் ஒரு நாள் அவர் கையால் செவலைக்குச் சோறு போடுவார். "செவல என் கையால திங்கும் டீச்சர், நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்க" என்று அவர் சொல்வதற்கு முன் பல மாதப் பழக்கம் இருந்தது. சாவி அவரிடம் ஒன்று இருக்கிறது. நாயின் உணவு அளவு, மருந்து, கால்நடை மருத்துவர் எண் மூன்றும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கின்றன. இதற்குக் கைம்மாறாகப் பணம் நீட்டாதீர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை நேரத்தில் பாடம் சொல்லிக் கொடுங்கள், பொங்கலுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுங்கள். சிற்றூரில் கணக்கு அப்படித்தான் நேராகும்.

பென்ஷன் காகிதம்

பழைய பென்ஷன் திட்டத்தில் ஓய்வுபெற்ற அரசு ஊழியருக்குப் பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் பாதி. அவர் காலமான பின், தொடக்கத்தில் சில வருடம் கூடுதலாகக் கிடைத்தாலும், துணைவருக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம்தான். அதாவது ஐந்து ரூபாய் வந்த இடத்தில் மூன்று ரூபாய். கரண்ட் பில்லும் சொத்து வரியும் நாயின் செலவும் அதே அளவில் குறையாது. இன்றைக்கே அந்த மூன்று ரூபாய்க்குள் அன்றாடச் செலவை அடக்கப் பழகி, மீதியை இருவர் பெயரிலும் போட்டு வைப்பது நல்லது. தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரலிலிருந்து ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். கூட்டுக் கணக்கு துணைவரோடு மட்டும்தான் தொடங்க முடியும். வட்டி மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும்.

பென்ஷன் புத்தகத்தில் துணைவரின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தால்கூட இருவரும் உயிரோடு இருக்கும்போதே திருத்துங்கள். துக்க வீட்டில் உட்கார்ந்து பிழை திருத்த மனு எழுதிய பெண்களை எனக்குத் தெரியும். வங்கிக் கணக்கு "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்" என்ற முறையில் இருக்கட்டும்.

உயிர்வாழ் சான்று மத்திய அரசு ஓய்வூதியருக்கு நவம்பரில். எண்பது வயதைத் தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிப் பென்ஷன்காரர்கள் எந்த மாதம் கொடுத்தாலும் அதிலிருந்து ஒரு வருடம் செல்லும். விரல்ரேகை தேய்ந்துபோனவர்கள் போன் கேமராவில் முகம் காட்டியே முடிக்கலாம். அது கைவராவிட்டால் தபால்காரரிடம் சொல்லுங்கள். அஞ்சல் வங்கி மூலமாக, சிறு கட்டணத்தில் வீட்டுக்கே வந்து செய்து தருவார்.

வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதி வைப்பது பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். உயில் எழுதுங்கள், தானப் பத்திரத்துக்கு அவசரப்படாதீர்கள். எழுதியே ஆக வேண்டும் என்றால், எங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்துக்குள்ளேயே சேருங்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இன் 23 ஆம் பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது. நிபந்தனை இல்லாத பத்திரத்தை வைத்துக்கொண்டு வழக்கு நடத்துவது கடினம்.

ஊரோடு

கணவருக்கு ஒரு கூட்டம், மனைவிக்கு ஒரு கூட்டம் வேண்டும். இருவருக்கும் பொதுவான நண்பர்கள் மட்டுமே இருந்தால், ஒருவர் போன பிறகு மற்றவருக்கு வாசலில் யாரும் வர மாட்டார்கள். என் கணவர் நூலகத்துக்கும் டீக்கடைக்கும் போவார். எனக்குக் கோயில் உழவாரப் பணி, பழைய மாணவிகள். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை வீட்டில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை என்று வைத்திருக்கிறோம். செவலையும் அப்போது தூங்கும்.

எல்லாக் கல்யாணத்துக்கும் போக வேண்டியதில்லை. துஷ்டி வீட்டுக்கு மட்டும் தவறாமல் போங்கள். புதிதாகக் குடிவந்தவரை ஊர் எடைபோடுவது அங்கேதான்.

நாயோடு வெளியூர் போவது முடியாத காரியமல்ல. ரயிலில் முதல் வகுப்பில் இருவர் படுக்கும் கூபேயோ அறையோ முழுவதும் உங்களுக்குக் கிடைத்தால் கூட்டிப் போகலாம். இல்லையென்றால் கார்டு வண்டியில் உள்ள நாய்ப் பெட்டியில் ஏற்ற வேண்டும். சத்தத்துக்குப் பயப்படும் நாயை நான் அதில் ஏற்ற மாட்டேன். இரண்டுக்கும் தடுப்பூசி அட்டையும் கால்நடை மருத்துவரின் ஆரோக்கியச் சான்றும் வேண்டும். இரண்டு நாள் பயணத்துக்கு மதினி வீடே நல்லது.

மே மாதம் பேரப்பிள்ளைகள் வருவார்கள். வருவதற்கு ஒரு வாரம் முன்பே நாய்க்குப் பூச்சி மருந்து கொடுத்து, உண்ணி பார்த்து, குளிப்பாட்டி வையுங்கள். பிள்ளைகள் வந்த முதல் நாளே உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்: சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நாயைத் தொடக் கூடாது, முகத்தோடு முகம் வைக்கக் கூடாது, தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடக் கூடாது. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தையையும் நாயையும் பெரியவர் இல்லாமல் ஒரே அறையில் விடாதீர்கள், உங்கள் நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும். காலை நடைக்குப் பெரிய பேரனையோ பேத்தியையோ கூடவே அழைத்துப் போங்கள். கயிறு உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். ராத்திரிச் சமையல் தாத்தாவுடையது என்பதை அந்த மாதத்திலும் மாற்றாதீர்கள். மகனும் மருமகனும் அதைப் பார்க்கட்டும்.